வளையம் சுற்றினால் போதுமா? கணக்கும் சொல்ல வேண்டும்!

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றால் ஊரே திரண்டு விடும். கொடி ஏறிய பிறகு பக்தர்கள் கோவிலைச் சுற்றி வருவார்கள். "ஆடிச்சுற்று" என்று அதற்குப் பெயர். 108 சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு.

அவர்கள் வெறுமனே நடப்பதில்லை. எத்தனை சுற்று ஆயிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு இருப்பதால்தான் கால் வலியும் தாங்குகிறது.

இன்னொரு சுற்றும் நம் ஊரில் தினமும் நடக்கிறது. அது கம்ப்யூட்டர் திரையில் நடக்கும் சுற்று. அதற்குத்தான் கணக்கே இல்லை!

உயிர் இருக்கிறதா, இல்லையா?

வருமானச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், ரெயில் டிக்கெட், மின்சாரக் கட்டணம் எல்லாம் இன்று இணையதளத்தில்தான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகிறார்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கட்டணத்தைச் செலுத்தி, பட்டனை அழுத்துகிறார்கள். திரையின் நடுவில் ஒரு சிறு வளையம் தோன்றிச் சுற்றுகிறது.

சுற்றுகிறது... சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது!

பணம் போய்விட்டதா? விண்ணப்பம் சேர்ந்ததா? காத்திருப்பதா, மறுபடி அழுத்துவதா? வளையம் எதற்கும் பதில் சொல்லவில்லை. பயந்துபோய் இன்னொரு முறை அழுத்துகிறார்கள். சில தளங்களில் அத்துடன் கட்டணம் இரண்டு தடவை போய்விடும். வாரக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

இரண்டு வகை வளையம்

திரையில் வரும் வளையம் இரண்டு வகை. ஒன்று, சும்மா சுற்றும் வளையம். "வேலை நடக்கிறது" என்பதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது. வேலை நின்றுபோனாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்!

மற்றொன்று, நிரம்பும் வளையம். வேலை நடக்க நடக்க அதில் வண்ணம் ஏறிக்கொண்டே போகும். நூற்றுக்கு 25 முடிந்தால் கால் வட்டம். 50 முடிந்தால் அரை வட்டம். வளையம் மூடினால் வேலை முடிந்தது. நடுவில் எண்ணும் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் இது புரியும்.

இதன் அருமையை ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் அடையாளங்களைப் பற்றி பிராட் மையர்ஸ் என்பவர் 1985-ம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அப்படிக் காட்டுவதையே மக்கள் விரும்புகிறார்கள் என்று அதில் எழுதினார். 1993-ல் ஜேக்கப் நீல்சன் என்பவர் இன்னும் ஒன்று சொன்னார். 10 விநாடிக்கு மேல் ஆனால் மனிதரின் கவனம் வேறு பக்கம் போய்விடும். அப்படிப்பட்ட வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்று கட்டாயம் காட்ட வேண்டும் என்றார்.

சொல்லி 30 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பல தளங்களில் வளையம் சும்மாவே சுற்றுகிறது!

வளையல் கணக்குதான்!

நிரம்பும் வளையத்தைச் செய்வது பெரிய வித்தையோ என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்குதான் அது.

ஒரு வட்டத்தின் குறுக்களவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 314. திரையில் முதலில் ஒரு சாம்பல் நிற வட்டம் வரைகிறார்கள். அதன் மேல் அதே அளவில் ஒரு பச்சை வட்டம். இந்தப் பச்சைக் கோட்டை விட்டு விட்டு வரையும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம். வேலை நூற்றுக்கு 25 முடிந்தால், 78.5 அளவுக்குக் கோடு, மீதி 235.5 அளவுக்கு இடைவெளி. பார்ப்பவர் கண்ணுக்குக் கால் வட்டம் பச்சையாகத் தெரியும். எண் ஏற ஏறக் கோடு நீளும், இடைவெளி குறையும். அவ்வளவுதான்!

ஒரு சிறு நுட்பம் உண்டு. கம்ப்யூட்டர் வழக்கமாக வட்டத்தை வலது பக்கத்தில், கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில், தொடங்கும். நமக்கோ 12 மணி இடத்தில் தொடங்கினால்தான் இயல்பாக இருக்கும். அதனால் வட்டத்தைக் கால் சுற்று பின்னால் திருப்பி வைக்கிறார்கள்.

நிறம், தடிமன், அளவு, நடுவில் வரும் எழுத்து எல்லாவற்றையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை கிராமத்தில் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. கிராமத்தில் உட்கார்ந்தே உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். ஆகவே இது நம் பிள்ளைகளுக்கு எட்டாத வேலை அல்ல.

நிறத்தை மாற்று, கணக்கை மாற்றாதே!

நம் கட்சி இதுதான். வளையத்தை எப்படி வேண்டுமானாலும் அழகு செய்யலாம். ஆனால் அது காட்டும் எண் பொய்யாக இருக்கக் கூடாது.

சில தளங்களில் வளையம் 90 வரை மளமளவென்று ஓடும். பிறகு அங்கேயே நின்றுவிடும். காரணம், அது உண்மைக் கணக்கே அல்ல. ஆளைச் சமாதானப்படுத்தப் போட்ட வேஷம்! காத்திருப்பவரை ஏமாற்றும் வளையத்தைவிட, ஒன்றுமே சொல்லாத வளையம் எவ்வளவோ மேல்.

"எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்களுக்கே தெரியாதே!" என்று தளம் செய்பவர்கள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. வங்கியிலிருந்து பதில் எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் தெரிந்ததையாவது சொல்லலாமே! 200 கே.பி. உள்ள போட்டோவில் 50 கே.பி. போய்விட்டால் நூற்றுக்கு 25 ஆயிற்று. இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குத் தெரியும். நேரம் தெரியாவிட்டால் படியைச் சொல்லுங்கள். "4 வேலையில் 2 முடிந்தது" என்று காட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் வளையத்தின் கீழே நல்ல தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: "வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். மறுபடி அழுத்த வேண்டாம்." அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றும்.

இன்னும் மூன்று காரியம் அவசியம். முதல் தடவை அழுத்தியதும் பட்டனைப் பூட்டிவிட வேண்டும். இரண்டாவது, நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எண்ணும் எழுத்தும் வேண்டும். மூன்றாவது, பார்வை இல்லாதவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. வளையம் எவ்வளவு நிரம்பியது என்பதை அந்த மென்பொருள் அறியும்படி தளத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு இரண்டொரு வரி போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வளையம் சுற்றும்போது பணம் போய், விண்ணப்பம் சேராமல் நின்றால் பதறாதீர்கள். உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. யு.பி.ஐ. மூலம் கட்டிய பணம் கணக்கிலிருந்து போய், வாங்க வேண்டியவருக்கு உறுதி கிடைக்காவிட்டால், அது 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதம் ஆனால், நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும். இது உங்கள் உரிமை!

ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு 5 நாள் என்பது நீண்ட நாள். அந்தச் சங்கடமே வராமல் தடுக்கத் தளம் செய்கிறவரால் முடியும்.

வாடிக்கையாளருக்குப் பாக்கிக் கணக்கைச் சொல்லாத கடைக்காரரை நாம் நம்புவதில்லை. மக்கள் பணத்தையும் நேரத்தையும் வாங்கிக்கொள்ளும் இணையதளத்துக்கு மட்டும் வேறு நியாயமா? காத்திருக்க மக்கள் தயார். எதற்காக, இன்னும் எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் காக்க வையுங்கள்!