கோழியும் நம்முடையதாக இருக்கட்டும்!

விவசாயப் பெருமக்களே! கறிக்கோழிக்குக் கொட்டகை நம்முடையது, கரண்டு பில் நம்முடையது, கடனும் நம்முடையது. கோழி மட்டும் கம்பெனிக்காரனுடையது! வளர்ப்புக் கூலி அவன் வைத்ததுதான்.

கினிக்கோழி அப்படியில்லை. பகலெல்லாம் காட்டில் மேய்ந்து புழு, பூச்சி, உண்ணி பொறுக்கித் தின்னும். புது ஆள் வந்தால் கத்தியே ஊரைக் கூட்டும் (பக்கத்து வீட்டுக்காரர் நம்மைத் திட்டுவார், அதையும் சொல்லிவிடுகிறோம்). அது சரியாக அடைகாக்காது. நாட்டுக்கோழியில் அடை வையுங்கள், 26 முதல் 28 நாளில் பொரிக்கும். குஞ்சு ஈரம் பட்டால் பிழைக்காது, முதல் மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்க்கணும்.

இசத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று ரகங்களே கொடுத்திருக்கிறது. அது உத்தரப்பிரதேசத்தில் இருந்தால் நமக்கென்ன லாபம்? ஒன்றியம்தோறும் அரசே பொரிப்பகம் வைத்துக் குஞ்சு கொடுக்கணும் என்று கேட்கத்தான் கூடுகிறோம். வாங்க!