பாதுகாப்புக்கு நிற்பவர் யார் என்று கேட்டீர்களா?



ரைபிள் கிளப்பில் தன்னார்வப் பாதுகாப்பு அதிகாரிக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. "ரிட்டயர் ஆன பிறகு இது எதுக்கு சார்? சும்மா நிக்கிற வேலைதானே?" என்று சிலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். நமக்கெல்லாம் பெருமை. அதன் பிறகு பிள்ளையைச் சேர்க்க என்னிடம் விசாரித்த பெற்றோர் கேட்டவை மூன்றே கேள்விகள்: கோச் யார், ஃபீஸ் எவ்வளவு, எப்போது மெடல்? சுடும்போது பாதுகாப்புக்கு யார் நிற்பார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"வெறும் ஏர் ரைபிள்தானே" என்கிறீர்கள். அந்த 4.5 மி.மீ. ஈயக் குண்டு விநாடிக்கு 150 மீட்டருக்கு மேல் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். என்.சி.சி.யில் நீங்கள் சுட்ட பாயிண்ட் டூ டூ தோட்டா ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும்.

அந்த "சும்மா நிற்பவர்" இலக்கைப் பார்ப்பதில்லை. கைகளையும் குழல் முனைகளையுமே பார்க்கிறார். "ஸ்டாப்" என்றால் அந்த நொடியே சுடுவது நிற்க வேண்டும். "அன்லோட்" என்றால் குண்டை எடுத்து, குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக்கைச் செருக வேண்டும். சுடும் கோட்டுக்கு முன்னால் ஓர் ஆள் இருக்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. சர்வதேசப் போட்டி விதிகளில் ஏர் ரைபிளுக்கும் அந்தக் கொடி கட்டாயம். ஒலிம்பிக் வீரருக்கே விலக்கு இல்லாதபோது நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எதற்கு?

"மெடல் வாங்கினவரை நிறுத்தச் சொல்ல இவர் யார்?" என்ற பேச்சும் காதில் விழுகிறது. கெமிஸ்ட்ரி லேபில் முதல் மார்க் பையன் மேல் கொட்டினாலும் ஆசிட் சுடத்தான் செய்யும். பல வருடம் கையாண்டவருக்குத்தான் அலட்சியமும் சீக்கிரம் வரும்.

"கோச் பார்த்துக்கொள்வார்" என்பதும் சரியில்லை. கோச்சின் கண் தன் மாணவரின் குறி மேல் இருக்கும், இருக்கவும் வேண்டும். பக்கத்துப் பையன் துப்பாக்கியோடு திரும்புவதைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

ஆகவே, அப்படி ஓர் ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கோச் இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஆள் இல்லை என்று கிளப் சொன்னால், வெளியே இரண்டு மணி நேரம் செல்போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீங்களே பயிற்சிக்கு வாருங்கள். பக்கத்தில் இடம் இருக்கிறது.

உங்கள் பழைய வாத்தியார்