நோய்க்கும் நிறம் உண்டோ?

அமெரிக்க நாட்டில் ஒரு நோயின் கரணியத்தை அறிவியல் 1949-ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டது. அந்நோய்க்கு முதல் மருந்து இசைவு பெற்றதோ 1998-ஆம் ஆண்டில். இடைப்பட்ட 49 ஆண்டுகள் எங்கே போயின? அந்நோய்க்கு ஆட்பட்டோர் பெரும்பாலும் கருப்பினத்தார் என்பதை அறிந்தால், விடை தானே விளங்கும்.

அது அரிவாளணு நோய். வட்டத்தட்டு வடிவில் நெகிழ்ந்தோட வேண்டிய குருதிச் சிவப்பணுக்கள் கதிர் அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் எலும்பு நொறுங்குவது போன்ற வலி எழும். 1910-இல் சிக்காகோ மருத்துவர் எர்ரிக்கு, கிரெனடாத் தீவிலிருந்து வந்த கருப்பின மாணவர் ஒருவரின் குருதியில் கண்ட இவ்வணுக்களைப் பற்றி எழுதி வெளியிட்டார். பின்னர்ப் பாலிங்கு குழுவினர் இதன் வேரைக் காட்டினர். மூலக்கூற்றளவில் கரணியம் காணப்பட்ட முதல் நோய் இதுவே. கரணியம் முதலில் தெரிந்த நோய்க்கு மருந்தும் முதலில் வந்திருக்க வேண்டுமன்றோ? வந்த ஐதராக்சி யூரியாவும் புற்றுநோய்க்கு வழங்கிவந்த பழைய மருந்தே. அடுத்த மருந்துக்கு மேலும் 19 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இதனுடன் மற்றொரு பிறவிநோயை ஒப்பிட்டுப் பார்க்க. சிசுட்டிக் பைபுரோசிசு என்பது அதன் பெயர். நுரையீரலில் கெட்டிச்சளி அடைப்பதால் சளியடை நோய் எனலாம். அது மிகுதியும் வெள்ளையர்க்கு வருவது. அமெரிக்காவில் அரிவாளணு நோயர் ஏறத்தாழ 1,00,000 பேர். சளியடை நோயர் 40,000 பேர். ஆயினும், 2008 முதல் 2018 வரையிலான கணக்கின்படி, அரசின் ஆய்வுப்பணம் சளியடை நோயர் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,807 தாலர். அரிவாளணு நோயர் ஒருவருக்கு 812 தாலர். அறக்கட்டளைகளின் செலவோ முறையே 7,690 தாலரும் 102 தாலரும்! செல்வமுடைய பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகப் பணந்திரட்டியதில் குற்றமில்லை. இல்லாதார் பக்கம் நின்று அவ்விடைவெளியை நிரப்பவேண்டிய அரசும் உள்ளார் பக்கமே சாய்ந்ததுதான் குற்றம்.

மருத்துவமனை வாயிலிலும் இதே கதைதான். வலியால் துடித்து வரும் கருப்பினத்தாரை மயக்கமருந்துக்கு அலைவோர் என ஐயுறுகின்றனர். எலும்பு முறிந்து வந்தோரினும் அரிவாளணு நோயர் 50 விழுக்காடு மிகுதியான நேரம் காத்திருந்தனர் என 2013-இல் ஓர் ஆய்வு கூறிற்று. சளியடை நோயை 'வெள்ளையர் நோய்' என முத்திரையிட்டதால், அந்நோய் வந்த கருப்பினக் குழந்தைக்கு அது காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகின்றது. புதிய மருந்துகளும் வெள்ளையரிடம் மிகுந்துள்ள மரபுப் பிழைக்கே பெரிதும் பொருந்துகின்றன. ஆய்வில் யார் குருதி சேர்க்கப்பட்டதோ அவர்க்கே மருந்து!

உண்மையில் அரிவாளணுவுக்கும் தோல்நிறத்துக்கும் உறவில்லை. மலைக்காய்ச்சல் மிகுந்த நிலங்களில் வழிவழி வாழ்ந்த மக்களிடம், அக்காய்ச்சலைத் தாங்க உதவியதால் நிலைத்த கூறு அது. அதனால்தான் நம் நீலமலைப் பழங்குடியினரிடமும் அஃது உண்டு. இலேமன், கட்புசு என்னும் ஆய்வாளர் இருவர் அதனை 1952-இலேயே கண்டு வெளியிட்டனர். இந்திய நடுவணரசு அரிவாளணு நோய் ஒழிப்புக்கென நாடளாவிய இயக்கம் தொடங்கியதோ 2023-இல். 71 ஆண்டுகள் கழித்து! வெள்ளையரை மட்டும் பழிக்க நமக்கு வாயில்லை.

அதே 2023-இன் இறுதியில் மரபணுவைத் திருத்தும் மருத்துவம் அமெரிக்காவில் இசைவு பெற்றது. ஒருவருக்கு 22 இலக்கம் தாலர் விலை. இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளில் முக்கால் பங்கினர் ஆப்பிரிக்கர்; அவர் எங்கே, அவ்விலை எங்கே? அதனை எதிர்நோக்கி மலைமக்கள் காத்திருக்க வேண்டுவதுமில்லை. நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் இந்நோயுள்ள குழந்தைகளைக் கொடிய தொற்றிலிருந்து காக்கலாம் என்பது 1986-இலேயே மெய்ப்பிக்கப்பட்டது. பிறந்தவுடன் குருதி ஆய்வு, அம்மருந்து, வளர்ந்தபின் ஐதராக்சி யூரியா ஆகிய மூன்றும் மலைச்சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் தவறாது சென்று சேர்கின்றனவா? 1952-இல் ஆய்வுக்குக் குருதி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சார்பில் இதற்குத் தமிழ்நாட்டு அரசு ஊர்வாரியாகக் கணக்குக் காட்டட்டும்.