எண்ணும் முறையில் ஒளிந்திருக்கிறது சாதி

ஒரு தேர்தலில் நான் தோற்றேன். எங்களுக்கு வெற்றி கிடைத்தது. அடுத்த தேர்தலில் எங்கள் வாக்கு ஒன்றுகூடக் குறையவில்லை; ஆனால் எங்களில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாறியது ஒரே ஒரு விதி. அந்த விதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் 28 ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. படிப்பவர்களில் பலருக்கு அது தங்கள் பல்கலைக்கழகம் என்றே தோன்றும். அங்கே ஆசிரியர் குறைதீர் குழு என்று ஒன்று இருந்தது. பணி மேம்பாடு தாமதமானால், விடுப்பு மறுக்கப்பட்டால், துறைத்தலைவர் பழிவாங்கினால், மனு இந்தக் குழுவுக்குத்தான் போகும். அதில் மூன்று பேரை ஆசிரியர்களே தங்களுக்குள் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

பல ஆண்டுகளாக அந்த மூன்று இடங்களும் ஒரே கூட்டத்திடம் இருந்தன. தேர்தலுக்கு முந்தைய வாரம் மூத்த பேராசிரியர் ஒருவர் அறை அறையாக வந்து துண்டுச்சீட்டு கொடுப்பார். அதில் மூன்று பெயர்களும் 1, 2, 3 என்ற எண்களும் இருக்கும். நான் ஒருமுறை, “நாங்களும் நிக்கலாமே சார்” என்று கேட்டேன். “உங்களுக்குத்தான் ரிசர்வேஷன் இருக்கே, இதுல வேற எதுக்கு?” என்றார், சிரித்துக்கொண்டே. அவர் கெட்ட மனிதர் அல்லர். இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவருக்கு வேலை போதும், அதிகாரம் எதற்கு என்பது அவருக்கு இயல்பான எண்ணமாக இருந்தது. அவ்வளவுதான்.

எங்கள் கணிதத்துறையில் ஓய்வு பெறும் வயதில் ஒரு தோழர் இருந்தார். விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தவர் அவர் ஒருவர்தான். அதில் ‘ஒற்றை மாற்று வாக்கு முறையிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவம்’ என்று எழுதியிருந்தது. இது புதிய சங்கதி அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களின் சட்டங்களில் உள்ள முறைதான். மாநிலங்களவைத் தேர்தலும் இப்படித்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வந்தால் ஒருவர் வெல்ல 34 சட்டமன்ற உறுப்பினர்கள் வேண்டும் என்று செய்தித்தாள்கள் கணக்குப் போடுகின்றனவே, அதே கணக்கு. 234ஐ ஆறுடன் ஒன்று கூட்டி ஏழால் வகுத்து, வருகிற முழு எண்ணோடு ஒன்று கூட்ட வேண்டும்.

அந்தக் கணக்கை அவர் எங்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். வாக்குகள் 120. இடங்கள் மூன்று. 120ஐ நான்கால் வகுத்தால் 30. ஒன்று கூட்டினால் 31. ஆக, 31 வாக்கு சேர்ந்தால் ஒரு இடம் உறுதி. தலித், பழங்குடி ஆசிரியர்கள் நாங்கள் 25 பேர். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புத் தோழர்கள், இஸ்லாமியத் தோழர்கள், துறையில் ஒதுக்கப்பட்ட சில பெண் ஆசிரியர்கள் என்று ஒன்பது பேர் எங்களோடு நின்றார்கள். மொத்தம் 34.

அடுத்த சிக்கல் எங்களுக்குள்ளேயே வந்தது. நானும் நிற்க விரும்பினேன், வரலாற்றுத் துறைத் தோழர் ஒருவரும் நிற்க விரும்பினார். நான் அருந்ததியர், அவர் பறையர். இரண்டு பேரும் நின்றால் வாக்கு உடையும், ஒருவர் விலக வேண்டும் என்று பேச்சு வந்தது. யார் விலகுவது என்று பேசத் தொடங்கியதும் அறையில் ஒரு கசப்பு ஏறியது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. கணிதத் தோழர்தான் அதை உடைத்தார். “ரெண்டு பேரும் நில்லுங்க. இந்த முறையில ஓட்டு உடையாது. ஒருத்தருக்கு 1 போடுறவங்க மத்தவருக்குக் கட்டாயம் 2 போடணும், அது மட்டும் போதும்” என்றார்.

எண்ணிக்கை நாளன்று முதல் விருப்ப வாக்குகள் இப்படி வந்தன. அவர்கள் அணியின் மூவருக்கும் 38, 27, 21. தோழருக்கு 18. எனக்கு 16. முதலாமவர் வென்றதும் அவருடைய உபரி ஏழும் இரண்டாமவருக்குப் போய், அவரும் வென்றார். அவருடைய உபரி மூன்றும் மூன்றாமவருக்குப் போனதில் அவருக்கு 24. மிச்சம் இருந்த மூவரில் கடைசி நான். என்னை நீக்கி, என் 16 சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டில் 2 என்ற எண்ணே இல்லை. மற்ற 14ம் தோழருக்குப் போயின. 18ம் 14ம் 32. தேவைக்கு மேல் ஒன்று. எனக்கு விழுந்த 16இல் என் சாதிக்காரர்கள் நான்கு பேர்தான். அந்த நாள்வரை என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியாக நான் எதிலும் தோற்றதில்லை.

அந்த ஒரு இடத்தால் என்ன ஆனது என்று கேட்கலாம். இளம் தலித் உதவிப் பேராசிரியர் ஒருவரின் பணி மேம்பாட்டுக் கோப்பு நான்கு ஆண்டுகளாக நகராமல் கிடந்தது. அதற்கு முன்பும் அது குழுவுக்கு இரண்டு முறை வந்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. தோழர் முதல் கூட்டத்திலேயே அதைக் கேட்டார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களின் கோப்புகள் எந்தத் தேதியில் நகர்ந்தன என்ற பட்டியலையும் கேட்டார். பட்டியல் வரவில்லை; ஆனால் மூன்று மாதத்தில் மேம்பாட்டு ஆணை வந்துவிட்டது. பெரும்பான்மை எங்களிடம் இல்லை. கேள்வி கேட்க ஒருவர் உள்ளே இருந்தார், அது போதுமாக இருந்தது.

அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘அனைத்துப் புலங்களுக்கும் உரிய பிரதிநிதித்துவம் கிடைக்கும் பொருட்டு’ மூன்று இடங்களும் கலை, அறிவியல், வணிகம் என்று புலத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டன. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! விகிதாசாரம், ஒற்றை மாற்று வாக்கு என்ற சொற்களும் விதியில் அப்படியே இருந்தன. ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு புலத்திலும் 40 வாக்கு, ஒரு இடம். 40ஐ இரண்டால் வகுத்து ஒன்று கூட்டினால் 21 வேண்டும். எங்கள் 34 பேர் மூன்று புலங்களில் 13, 11, 10 என்று சிதறினோம். மூன்று இடங்களிலும் தோற்றோம். அந்த ஆண்டு இன்னொரு தலித் ஆசிரியரின் மனு குழுவுக்குப் போனது. ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று ஒரே வரியில் திரும்பியது.

நான் சொல்ல வருவது இதுதான். சிறுபான்மைக்கு இடம் கிடைப்பதற்காகவே உருவான ஒரு முறையை, இடங்களை ஒன்றொன்றாக உடைத்தால், பெரும்பான்மையின் ஆயுதமாக மாற்றிவிடலாம். யாரையும் திட்ட வேண்டாம், யாரையும் தடுக்க வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

“படித்தவர்கள் இருக்கும் இடத்தில் சாதி பார்த்து வாக்களிப்பதா?” என்று கேட்பவர்கள் உண்டு. துண்டுச்சீட்டில் இருந்த மூன்று பெயர்களும் பல ஆண்டுகளாக எப்படி அமைந்தன என்று இவர்கள் கேட்டதில்லை. அவர்கள் சேர்ந்தால் அதற்குப் பெயர் சீனியாரிட்டி. நாம் சேர்ந்தால் சாதி.

இந்தக் குழுக்களெல்லாம் சின்ன விஷயம், இவற்றுக்கா இவ்வளவு எழுத்து என்றும் தோன்றலாம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியை விட்டு வெளியேற்றிய முடிவு, பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் வழியாகத்தான் வந்தது. மாணவர் பேரவைத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது என்பதும் அந்தத் தண்டனையில் ஒரு பகுதி. 2016 சனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம். ஒரு மாணவரின் வாழ்க்கையை முடிவு செய்யும் மேசை அது. அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமா?

பாடத்திட்டமும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளும் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும் நீக்கப்பட்டன. நீக்கச் சொன்னது மேற்பார்வைக் குழு. அது ஆசிரியர்கள் வாக்களித்து அமைத்த குழு அல்ல. அதில் தலித் அல்லது பழங்குடி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, கல்விக் குழுவின் உறுப்பினர்கள் 15 பேர் மறுப்புக் குறிப்பு கொடுத்தார்கள். முடிவு மாறவில்லை. ஆனாலும், ஏன் நீக்கினீர்கள் என்ற கேள்வி பதிவில் ஏறியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உட்காரும் அவை ஒன்று இருந்ததால்தான் அந்தக் குறிப்பாவது எழுதப்பட்டது.

தேர்தலே தேவைப்படாத தன்னாட்சியும் உண்டு. ஐ.ஐ.டி.க்களின் செனட்டில் பேராசிரியர்கள் பதவி வழியாகவே உறுப்பினர்கள். நிர்வாக அவையில் இரண்டு பேராசிரியர்களை அந்த செனட்தான் நியமிக்கிறது. தொழில்நுட்பத் துறைகளில் பேராசிரியர் நிலையில் இட ஒதுக்கீடு நெடுங்காலம் கிடையாது. 2019ஆம் ஆண்டு மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட இட ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. கதவை மூடி வைத்துக்கொண்டு, ‘உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சமம்’ என்பதுதான் அங்கே நடந்த சுயாட்சி.

அப்படியானால் குழுக்களில் தலித் உறுப்பினர் ஒருவரை நியமித்துவிட்டால் போதாதா? பணி நியமனத் தேர்வுக்குழுவில் அப்படி ஒரு விதி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரில் யாராவது விண்ணப்பித்து, குழுவில் அந்தப் பிரிவினர் இல்லையென்றால், அப்பிரிவைச் சேர்ந்த கல்வியாளர் ஒருவரைத் துணைவேந்தர் நியமிக்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. இந்த விதி வேண்டும். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நியமிப்பவர் துணைவேந்தர். பேசாதவரைத் தேடிப் பிடிப்பது அவருக்குக் கடினமான வேலை அல்ல. நம்மில் ஒருவர் என்பது வேறு, நாம் அனுப்பிய ஒருவர் என்பது வேறு. பூனா ஒப்பந்தத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது, செனட்டில் பின்தங்கிய வகுப்பாருக்கு இடம் வேண்டும் என்று அம்பேத்கர் வாதாடினார். அப்போது அவரே அந்தச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர்தான். பல்கலைக்கழக நிர்வாகம் நிபுணர்களின் வேலை, அங்கே வகுப்புக்கு என்ன வேலை என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடவும் இல்லை. இந்த ஏற்பாட்டில் யார் உள்ளே போவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பதைத்தான் அவர் பார்த்தார். நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதனால் ஆசிரியர் சங்கங்களிடம், குறிப்பாக முற்போக்கு என்று சொல்லிக்கொள்ளும் சங்கங்களிடம், நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, பல இடங்களுக்கான தேர்தலைப் புலம், பதவி என்று ஒற்றை இடங்களாக உடைக்கக் கூடாது. பெண்களுக்கும் சிறிய துறைகளுக்கும் இடம் வேண்டுமென்றால் மொத்த இடங்களைக் கூட்டுங்கள். இரண்டு, ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். மூன்று, வாக்காளர் பட்டியலைத் திறக்க வேண்டும். எங்கள் பட்டியலில் கௌரவ விரிவுரையாளர்கள் இல்லை. எங்கள் துறையில் பாதி வகுப்புகளை எடுத்தவர்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த வேலையில்தான் இருந்தார்கள். பாடம் நடத்தலாம், வாக்களிக்கக் கூடாது என்பது என்ன நியாயம்? நான்கு, தேர்வுக்குழுக்களுக்கான பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினரை அந்தப் பிரிவு ஆசிரியர்களே தேர்ந்தெடுத்துத் தர வேண்டும்.

இதெல்லாம் நடந்தால் பல்கலைக்கழகத்தில் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் கிடந்த ஒரு கோப்பு மூன்று மாதத்தில் நகரும். அது எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று அந்த உதவிப் பேராசிரியரின் வீட்டில் கேட்டால் தெரியும்.

கணிதத் தோழர் இப்போது இல்லை. அவர் கரும்பலகையில் எழுதிய கணக்கு என் நோட்டில் இருக்கிறது. உங்கள் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது, யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பு, எத்தனை இடம், எத்தனை வாக்கு என்று பாருங்கள். வகுத்து, ஒன்று கூட்டுங்கள். பிறகு நம் தோழர்களை எண்ணுங்கள்.