லில்லிக்குக் குளிராது

ஒக்ரோபர் பிறந்தால் ஸ்காபரோவில் எங்கட சனத்துக்கு ஒரு அவசரம் வந்துவிடும். கத்தரி, மிளகாய்க் கண்டுகளைப் பிடுங்கி, கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் ஏற்றி, கற்றாழையை யன்னலோரம் வைத்து... எல்லாம் சரி, வேண்டியதுதான். ஆனால் அந்த வேகத்திலேயே லில்லிக் கிழங்கையும் கிண்டி எடுத்து, மண் போகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, பேப்பரில் சுற்றி பேஸ்மண்டில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். ஏன் அன்ரி எண்டு கேட்டால், "பாவம் தம்பி, மைனஸ் இருபதில அது எப்பிடித் தாங்கும்?" ஏப்ரிலில் பெட்டியைத் திறந்தால் வாடிச் சுருங்கின உள்ளிப் பல்லு மாதிரி ஏதோ கிடக்கும். பிறகு கடைக்காரன் பழைய கிழங்கைத் தலையில கட்டிப்போட்டான் எண்டு அவனுக்கு ஏச்சு விழும்.

நான் இந்தப் பதிவில் கேட்பது ஒரே ஒரு விஷயம்தான். கிண்டாதேங்கோ. அந்தக் கிழங்கு பனிக்குப் பயப்படுகிற சாதியில்லை. அதுக்குப் பயம் உங்கட பேஸ்மண்டுக்குத்தான்.

(பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைக் குமிழம் எண்டு படித்திருப்பீர்கள். வீட்டில் ஒருவரும் அப்பிடிச் சொல்லுறதில்லை. நானும் கிழங்கு எண்டே எழுதுறன். தாவரவியல் படித்தவர்கள் பொறுத்தருள்க.)

இந்தக் குழப்பத்துக்கு எங்கட ஆக்களை மட்டும் குறை சொல்ல ஏலாது. பாதிப் பிழை பெயரில்தான். இந்த ஊர்க் கடைகளில் எதை எடுத்தாலும் லில்லி. கனா லில்லி, கலா லில்லி, டே லில்லி, பீஸ் லில்லி, குளோரியோசா லில்லி. இதில் ஒன்றுகூட உண்மையான லில்லி இல்லை. கனாவும் கலாவும் சூட்டு நாட்டுச் சாமான்கள். அதுகளை உறைபனி விழுந்த கையோடு கிண்டி உள்ளே எடுக்கத்தான் வேணும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கனாவைக் கிண்டுறதைப் பார்த்துவிட்டு நாங்கள் ஏசியாற்றிக்கைக் கிண்டுகிறோம். தமிழிலும் நாங்கள் ஒன்றும் திறமில்லை. குளத்து அல்லிக்கும் லில்லி எண்டுதான் மொழிபெயர்ப்பு. அதுக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது.

பெயரை விடுங்கோ, கையில் எடுத்துப் பாருங்கோ. உண்மையான லில்லிக் கிழங்கு உரிச்ச உள்ளி மாதிரி இருக்கும். சதைப்பிடிப்பான செதில்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் வேர் தொங்கும். இஞ்சி மாதிரி கணு கணுவாக இருந்தால் கனா. சப்பையான உருளைக்கிழங்கு மாதிரி இருந்தால் கலா. இந்த மூன்றையும் ஒருக்காப் பார்த்தவன் பிறகு மாறுபட மாட்டான்.

அந்த உரிச்ச உள்ளிக் கதையில்தான் விஷயமே இருக்கிறது. வெங்காயத்துக்கும் ரியூலிப்புக்கும் வெளியே காய்ந்த தோல் ஒன்று உண்டு. உள்ளே இருக்கிற ஈரத்தை அது காப்பாற்றும். அதால்தான் வெங்காயம் குசினிக் கூடைக்குள் மாதக்கணக்கில் கிடக்கிறது. லில்லிக்கு அந்தத் தோல் கிடையாது. மண்ணுக்கு வெளியே எடுத்த நிமிசத்தில் இருந்து காயத் தொடங்கிவிடும். அதோடு, அது முழுசாக நித்திரை கொள்ளுற கிழங்கும் இல்லை. மேலே தண்டு பட்டுப்போன பிறகும் கீழே வேர் உயிரோடுதான் இருக்கும். அதைக் கழுவி, வேரை வெட்டி, வெயிலில் காயவைக்கிறது பாதுகாப்பு இல்லை, கருவாடு போடுறது.

அடுத்தது குளிர். இதைத் தாங்குகிறது எண்டு சொன்னால் போதாது, அதுக்கு இது தேவை. ஈஸ்டர் நேரம் கடைகளில் வெள்ளை லில்லிச் சாடி வருகிறதே, அதை வளர்க்கிறவர்கள் கிழங்கை ஏறக்குறைய 6 கிழமை, அதாவது 1000 மணித்தியாலம், 5 பாகை அளவுக் குளிரில் வைத்துத்தான் பிறகு சூட்டுக்கு எடுக்கிறார்கள். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் பூக்கிற நேரமே தாறுமாறாகப் போய்விடும். காசு கட்டிக் குளிர் வாங்குறான் அவன். எங்களுக்கு வளவில் சும்மா கொட்டுது, நாங்கள் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறம் :-)

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு சஸ்காச்சுவான் மாகாணக் கொடியைக் காட்டலாம். அதில் இருக்கிற சிவப்புப் பூ லில்லிதான், உண்மையான லில்லி. அந்தப் பக்கம் சில இரவுகளில் மைனஸ் 40 வரை போகும். அங்கே புல்வெளியில் தானாக முளைக்கிற அந்தக் கிழங்கை ஒக்ரோபரில் யார் போய்க் கிண்டி எடுக்கிறார்கள்?

தோட்டத்து லில்லிக்கும் கனடாவில் ஒரு சரித்திரம் உண்டு. இஸபெல்லா பிரெஸ்ரன் என்று ஒரு பெண்மணி. 1912இல் இங்கிலாந்தில் இருந்து ஒன்ராறியோவுக்கு வந்து குவெல்ஃபில் படித்து, 1920இல் ஒட்டாவா மத்திய பரிசோதனைப் பண்ணையில் சேர்ந்து, 1946இல் ஓய்வு பெறும் வரைக்கும் பூங்கன்றுகளைக் கலந்து கலந்து புதுசு உண்டாக்கினவர். இந்த நாட்டு வின்ரரைத் தாங்கி நிற்கிற கன்றுகள்தான் அவருடைய நோக்கம். தான் உண்டாக்கின ஒரு தொகுதி லில்லிகளுக்கு அலுவலகத்தில் ரைப் அடித்த பெண்களின் பெயர்களை வைத்தார். யுத்த காலத்தில் வந்த இன்னொரு தொகுதிக்குச் சண்டை விமானங்களின் பெயர்கள். முதலாவதுதான் எனக்குப் பிடித்தது. மந்திரிமார் பெயரை வைத்திருந்தால் இண்டைக்கு ஆருக்கு ஞாபகம் இருக்கப்போகுது? அந்த மனுசி ஒட்டாவாக் குளிரில் வருசக்கணக்காகத் தேடின தாங்குசக்தியை, ரொறொன்ரோவில் இருந்துகொண்டு நம்ப மாட்டம் எண்டால் என்ன செய்யிறது.

சரி, அப்ப செத்துப்போகிற லில்லியெல்லாம் எதனால் சாகுது? தண்ணி. ஸ்காபரோவில் பாதி வளவு களிமண். மார்ச்சில் ஸ்னோ கரையும்போது தண்ணி வடிய இடமில்லாமல் கிழங்கு ஊறி அழுகும். சனம் அதைப் பார்த்துவிட்டு "குளிருக்குச் செத்துப்போச்சு" எண்டு தீர்ப்பு எழுதிவிடும். அதுக்கு மருந்து கிண்டி எடுக்கிறது இல்லை, நடுகிற இடத்தை மாற்றுகிறது. கொஞ்சம் மேடான இடம், அல்லது உயர்த்திக் கட்டின பாத்தி, களியோடு நல்ல கொம்போஸ்ற். 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழம். கிழங்குக்கு மேலே தண்டில் இருந்தும் வேர் விடும் என்பதால் ஆழம் முக்கியம். மடோனா லில்லி எண்டு ஒன்று மட்டும் விதிவிலக்கு. அதை ஓகஸ்ட் அளவில், மேலோட்டமாக, 3 சென்ரிமீற்றர் மண் மூடுகிற அளவுக்குத்தான் நடவேணும்.

சருகு மூடுகிறதிலும் எங்கட பாசம் பிழைத்துவிடுகிறது. கம்பளி போர்த்துற மாதிரி ஒக்ரோபரிலேயே மூடிவிடுகிறோம். எலிக்கு வீடு கட்டிக் குடுக்கிற வேலை அது. மண் இறுகி உறைந்த பிறகு, டிசெம்பர் அளவில், ஒரு சாண் சருகு போட்டால் போதும். அது சூடு குடுக்கிறதுக்கு இல்லை, குளிரைக் குளிராகவே வைச்சிருக்கிறதுக்கு. இடைக்கிடை வெயில் எறித்து மண் இளகி, திரும்ப உறைந்து, திரும்ப இளகினால் கிழங்கு மேலே தள்ளுப்பட்டு வந்துவிடும். ஸ்னோ நல்லாக் கொட்டினால் சருகும் தேவையில்லை, அதைவிட நல்ல போர்வை கிடையாது.

சாடியில் வைத்திருக்கிறவர்களின் கதை வேறு. இதில் மட்டும் அன்ரிமாரின் பயத்தில் நியாயம் இருக்கு. நிலத்தில் குளிர் மேலே இருந்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். சாடியில் நாலு பக்கத்தாலும் அடிக்கும். வளவு இருந்தால் ஒக்ரோபரில் சாடியைக் கவிழ்த்துக் கிழங்கை நிலத்தில் நட்டுவிடுங்கோ, இல்லாவிட்டால் சாடியோடேயே குழி வெட்டித் தாட்டுவிடுங்கோ. சூடு போடாத கராஜ் இருந்தால் அங்கே சுவர்க்கரையில் வைக்கலாம். மண் லேசான ஈரமாக இருந்தால் காணும், வெளிச்சம் தேவையில்லை. அப்பார்ட்மென்ற் பல்கனிக்காரருக்குத்தான் கஷ்டம். பத்தாம் மாடிக் காற்றில் சின்னச் சாடி தப்புறது அருமை. அவர்களுக்கு ஒரு வழிதான்: கிழங்கைக் கழுவாமல், வேரை வெட்டாமல், லேசாக ஈரமான பீற் மொஸ்ஸுக்குள் வைத்து, ஓட்டை போட்ட பையில் கட்டி ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைக்கிறது. அப்பிளுக்குப் பக்கத்தில் வேண்டாம், பழங்கள் விடுகிற வாயு மொட்டைக் கெடுத்துவிடும். என்ன இருக்கு எண்டு பையில எழுதியும் வையுங்கோ. உள்ளி எண்டு நினைத்து ஆரும் தாளிச்சுவிடாமல்.

இப்ப கார்த்திகைப்பூ. இது எங்கட ஆக்களுக்கு வெறும் பூ இல்லை, அதை நான் சொல்லத் தேவையில்லை. ரொறொன்ரோவில் ஆசைப்பட்டுக் கிழங்கு வாங்கி வளர்க்கிறவர்கள் இருக்கினம், சாடியில் வேலிக் கம்பியைப் பிடித்து ஏறி அழகாகப் பூக்கும். குளோரியோசா லில்லி எண்டு கடையில் எழுதியிருப்பான், ஆனால் குடும்பமே வேறு. சிரிப்பு என்னவென்றால், லில்லியைப் பாசத்தோடு உள்ளே தூக்குற அதே கைகள் சில நேரம் இதை வெளியே விட்டுவிடுகின்றன. "கடையில லில்லி எண்டு போட்டிருக்கு, லில்லி வின்ரருக்கு நிக்குமாம்" எண்டு ஆரோ சொல்லியிருப்பார்கள். நிக்காது! இது சூட்டு நாட்டுக் கொடி. ஒரு உறைபனிக்குக் கிழங்கு கூழாகிவிடும். இலை மஞ்சளானதும் அவதானமாகத் தோண்டி, காய்ந்த மணலுக்குள்ளோ பீற் மொஸ்ஸுக்குள்ளோ வைத்து, 10 முதல் 15 பாகை அளவில் வீட்டுக்குள் வைக்க வேணும். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு அது, முளை நுனியில்தான் இருக்கு. நுனி முறிந்தால் அடுத்த வருசம் முளைக்காது. மார்ச் கடைசியில் உள்ளேயே சாடியில் போட்டு, குளிர் விட்டதும் வெளியே வைக்கலாம்.

அந்தக் கிழங்கைக் குசினிப் பக்கமே கொண்டுபோகாதேங்கோ. கொல்சிசின் எண்டு கடும் நஞ்சு அதில் இருக்கு. சாப்பிடுற கிழங்கு எண்டு நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வைக்கிற சாமான் அது.

நஞ்சு எண்டதும் பூனை வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உண்மையான லில்லியும் டே லில்லியும் பூனைக்கு எமன். இலை, பூ, மகரந்தம், பூச்சாடித் தண்ணி, எதுவென்றாலும் கொஞ்சம் உள்ளே போனால் சிறுநீரகம் போய்விடும். உடம்பில் ஒட்டின மகரந்தத்தை நக்கினாலே காணும். அப்பிடி நடந்தால் வாந்தி எடுக்குதா எண்டு பார்த்துக்கொண்டு இருக்காமல் அந்த நேரமே மிருக வைத்தியரிடம் ஓடவேணும். லில்லியை வெளியே விடுங்கோ எண்டு நான் நிற்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் பூனை இருந்தால் ஒரு பூவைக்கூட வெட்டிக்கொண்டு உள்ளே வராதேங்கோ.

கடைசியாக, கிண்டவே கூடாதா எண்டு கேட்டால், கூடும். மூன்று நாலு வருசத்தில் கிழங்கு பெருகி நெருங்கி, பூச் சிறுத்துப்போனால் செப்ரெம்பர் கடைசியில் கிண்டிப் பிரித்து, அண்டைக்கே திரும்ப நட்டுவிட வேணும். நிலத்தில் இருந்து நிலத்துக்கு, நடுவில் பேஸ்மண்ட் கிடையாது. பூ முடிந்ததும் தண்டைப் பச்சையாக வெட்டவும் வேண்டாம். அந்த இலைகள்தான் அடுத்த வருசப் பூவுக்கு இப்பவே சமைக்கின்றன. காய்ப் பிஞ்சை மட்டும் கிள்ளிவிடுங்கோ. தண்டு காய்ந்து பழுப்பான பிறகு வெட்டலாம், அதிலும் ஒரு சாண் விட்டு வெட்டினால் நல்லது. லில்லி இந்த ஊரில் ஆறுதலாகத்தான் முளைக்கும், சிலது மே பிறந்த பிறகுதான் தலை காட்டும். அதுக்குள்ள "இதில ஒண்டும் இல்லை" எண்டு தக்காளி நட மண்வெட்டியோடு வருகிற வீட்டுக்காரருக்கு அந்தக் காய்ந்த தண்டுதான் அடையாளம்.