பழுது கார்டில் இல்லை!

ராஜபாளையத்தில் நூற்பாலைகள் பல. அதில் ஓர் ஆலை. பெயர் வேண்டாம்.

அந்த ஆலை ஆபீசில் "சர்வர்" என்ற பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் அதுதான் தலை. பஞ்சுக் கணக்கு, நூல் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் அதற்குள்ளேதான்.

அதில் புதிதாக ஒரு கார்டு மாட்ட வேண்டும். கார்டு என்றால் சீட்டுக்கட்டு அல்ல. மின்கம்பிகள் பதித்த ஒரு சிறு அட்டை. கம்ப்யூட்டருக்குள் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். "ஸ்லாட்" என்பார்கள். அதில் செருக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தினமும் பஸ்சில் வரும் ஒரு பையன் செருகினான். கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால், கார்டு இருப்பதாகவே அது காட்டவில்லை!

"கார்டைக் கெடுத்துவிட்டாயே, தம்பி! சம்பளத்தில் பிடிப்பேன்" என்றார், மானேஜர்.

மறுநாள் மதுரையில் இருந்து ஒருவர் வந்தார். கார்டைக் கழற்றினார். பக்கத்துப் பள்ளத்தில் செருகினார். வேலை செய்தது!

மந்திரம் ஒன்றும் இல்லை. பெரிய சர்வர்களில் "பிராசசர்" என்ற மூளை வைக்க இரண்டு இடம் இருப்பது உண்டு. பணம் மிச்சம் என்று பலர் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். இரண்டாவது மூளை இல்லாவிட்டால், அதைச் சேர்ந்த பள்ளங்களுக்கும் உயிர் இல்லை. எந்தப் பள்ளம் எதைச் சேர்ந்தது என்று, கூட வரும் புத்தகத்தில் படமே போட்டிருக்கும்.

அந்தப் புத்தகம் எங்கே? மானேஜரின் பீரோவில்!

ஆலையில் நூல் அறுந்தால் என்ன செய்கிறோம்? அறுந்த முனையைத் தேடி ஒட்டுகிறோம். மிஷினையே கழித்துக் கட்டுவது இல்லை. கார்டுக்கும் அதே வழிதான்.

முதலில் மின்சார ஒயரைப் பிடுங்க வேண்டும். சர்வரில் பெரும்பாலும் இரண்டு ஒயர் இருக்கும். இரண்டையும் பிடுங்க வேண்டும். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் கார்டைக் கொன்றுவிடும்; நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாது. அதற்காக மணிக்கட்டில் கட்டும் பட்டை இருக்கிறது. பிறகு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சு பறக்கிற ஊர் அல்லவா! தூசியை நீக்கி, கார்டை நேராக அழுத்த வேண்டும். அரைகுறையாகச் செருகிய கார்டு, செருகாத கார்டுக்குச் சமம்.

சில கார்டுகளுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். பள்ளம் வழியாக 75 வாட்டுக்கு மேல் வராது. அவற்றுக்குத் தனி ஒயர் உண்டு.

பல கார்டுகள் மாட்டுவதானால் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். மொத்தமாக மாட்டினால் எது திருடன் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்புறமும் ஓடவில்லையா? வேறு பள்ளம். அதுவும் இல்லையா? வேறு கம்ப்யூட்டர். அங்கேயும் ஓடாவிட்டால்தான், கார்டு கெட்டது என்று வாயைத் திறக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்தப் பையனுக்குக் கொடுத்தது, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அரை மணி!

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இந்த ஊரில் நூற்பாலை தொடங்கினார். அன்றைக்கு ஆலை மிஷின் பழகியவர்கள் இங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பக்கத்தில் நின்று பார்த்துத்தானே கற்றிருப்பார்கள்! கம்ப்யூட்டருக்கு மட்டும் மதுரைக்கு ஓடுவானேன்?

சம்பள நாள் வந்தது. சொன்னபடியே பையனுக்கு ஆயிரம் ரூபாய் பிடித்தார்கள். கார்டோ இன்றும் ஓடிக்கொண்டு இருக்கிறது.

அந்த ஆயிரத்தை அடுத்த சம்பளத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். பீரோவைத் திறந்து, புத்தகத்தையும் அவன் கையில் கொடுக்க வேண்டும்.