நகர் வளருது, நம்ம ஏரி என்ன ஆகுது?

   

தாம்பரத்தைத் தாண்டினால் கழனிதான் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அப்புறம் வண்டலூரைத் தாண்டினால் என்றார்கள். அப்புறம் கூடுவாஞ்சேரி. இப்போது செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் கொடி கட்டிய மனைப்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர், ஒரு அவென்யூ, ஒரு கார்டன். பெயரில் கார்டன் இருக்கிறது, உள்ளே ஒரு முருங்கை மரம்கூட இல்லை. சென்னை மாநகராட்சி 2011-இல் 42 உள்ளாட்சிகளை விழுங்கி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் வரைக்கும் கோடு போட்டுவிட்டார்கள். கோட்டுக்குள் இருக்கிற விவசாயியை யாரும் கேட்கவில்லை.

சங்கம் என்றால் எல்லாவற்றையும் எதிர்ப்பார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நகர் வந்ததில் நமக்கு நன்மையே இல்லையா? இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

நம்ம பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். அதிலும் பெண் பிள்ளைகள். விடுதிக்குப் பணம் கட்ட வழியில்லாமல் பத்தாவதோடு நிறுத்திய வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். மின்சார ரயில் இருப்பதால் அந்தக் கொடுமை குறைந்தது. பிரசவ வலி எடுத்தால் மாட்டு வண்டி கட்டி ரோட்டுக்கு ஓடின ஊரில் இன்றைக்கு ஆம்புலன்ஸ் வருகிறது. கீரை, கத்தரி, வெண்டை போடுகிறவருக்கு வீட்டு வாசலிலேயே வியாபாரம். விடியற்காலையில் பறித்த அரைக்கீரையை ஏழு மணிக்குள் நகரில் விற்றுவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டலாம். பால் ஊற்றுகிறவர்களுக்கு மாதம் பிறந்தால் கையில் காசு. கோயம்பேட்டுக்கு மூட்டை அனுப்பி, கமிஷன் மண்டிச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சில பேருக்குக் கசக்கும். நிலமில்லாத கூலிக்காரர், குறிப்பாக காலனிப் பகுதி உழைப்பாளிகள், ஒரே ஆண்டையின் களத்துமேட்டில் கைகட்டி நின்று படி நெல்லுக்குக் காத்திருந்த நிலைமையை உடைத்ததில் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெரிய பங்கு உண்டு. "நடவுக்கு ஆள் கிடைக்கல" என்று புலம்புகிற நாம், ஆள் சுலபமாகக் கிடைத்த காலத்தில் என்ன கூலி கொடுத்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்கணும். பழைய கிராமம் சொர்க்கம் என்று சொல்ல சங்கம் தயாராக இல்லை.

சரி, அப்புறம் என்ன குறை என்கிறீர்களா?

முதலில் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். அதையே சதுர அடியில் சொன்னால் 43,560. கிரவுண்டில் சொன்னால் 18 கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. நாம் ஏக்கர் கணக்கில் விற்கிறோம், சென்ட் கணக்கில் பேரம் பேசுகிறோம், புரோக்கர் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போகக் கணக்குப் போட்டாலும், நம்ம கைக்கு வந்த தொகைக்கும் மனை வாங்கின குடும்பம் வங்கிக் கடன் வைத்துக் கட்டுகிற தொகைக்கும் நடுவில் இருக்கிற பணம் யார் வீட்டில் இருக்கிறது? நம்ம வீட்டிலும் இல்லை, அவங்க வீட்டிலும் இல்லை. விற்ற பணத்தில் மச்சு வீடு கட்டி, ஒரு கல்யாணம் முடித்து, ஒரு வண்டி வாங்கி, மிச்சத்தைச் சீட்டில் போட்டு ஏமாந்து, அதே மனைப்பிரிவின் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். குத்தகைக்கு உழுதவர் கதை இன்னும் மோசம். அரசு நிலம் எடுத்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று கேட்க ஒரு வழியாவது உண்டு. தனியார் கிரயத்தில் அதுவும் கிடையாது. பத்திரம் பதிந்த மறுநாள் கம்பி வேலி, அவ்வளவுதான்.

விற்காமல் நிற்கிறவருக்கோ தினம் ஒரு தொல்லை. நாலு பக்கமும் மனை போட்டாச்சு, நடுவில் இவர் கழனி. வண்டிப்பாதையைக் காம்பவுண்டு சுவர் அடைத்துவிட்டது. அறுவடை இயந்திரம் உள்ளே வர வழியில்லை. நடவுக்கு இறங்கினால் காலில் பாட்டில் ஓடு குத்துகிறது. மேய்க்கால் நிலம் போச்சு, மாடு எங்கே மேயும்? மாட்டுக் கொட்டகையில் சாணி நாற்றம் என்று மனு போடுகிறார்கள். காலையில் அதே மாட்டுப் பால்தான் அவர்கள் காபியில் இருக்கிறது, அதற்கு மனு இல்லை! சிரிப்புக்குச் சொன்னாலும், இப்படித்தான் ஒவ்வொரு கொட்டகையாகக் காலியாகிறது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஏரி விவகாரம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்றாலே ஏரி மாவட்டம். இங்கே காவிரி இல்லை, மேட்டூர் இல்லை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஏரிதான் நமக்கு ஆறு. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கும் கீழே. இப்படிச் சங்கிலி போட்ட மாதிரி. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று தனி வாரியம் வைத்து, அதற்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்திருக்கிறார்கள்.

ஏரியைக் காப்பாற்றியது சர்க்கார் மட்டும் இல்லை, ஆயக்கட்டு. மதகைத் திறப்பது நீர்க்கட்டி. கால்வாய் தூர்ந்தால் மண்வெட்டி எடுத்துப் போவது ஆயக்கட்டுக்காரன். கரையில் எலி வளை போட்டால்கூட அவனுக்குத்தான் முதலில் தெரியும், ஏன்னா கரை உடைந்தால் போவது அவன் பயிர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். பாசன விவசாயிகளே ஏரியை நிர்வகிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு ஒரு சட்டமும் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆயக்கட்டு முழுக்க மனையான ஊரில் யாரை வைத்து சங்கம் நடத்துவது? மதகு துருப்பிடித்து இறுகிவிட்டது. பாசனக் கால்வாய்மேல் முப்பது அடி ரோடு போட்டு, அடியில் ஒரு அடிக் குழாய் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் தேவைப்படும் ஆள் இல்லை என்றதும் ஏரிக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சுகிறது, கழிவுநீர் வாங்குவது.

இதன் பலனை யார் அனுபவித்தார்கள்? 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரெல்லாம் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று பேசினார்கள். அதைப் பற்றிய விவாதம் நியாயமானதுதான். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது செம்பரம்பாக்கத்துத் தண்ணீரால் அல்ல. செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்வது அதற்கும் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் முதலான மேல் ஏரிகளும் ஓடைகளும் நிரம்பி வந்த தண்ணீர். வழக்கமாக வருகிற தண்ணீர்தான், மழை அதிகம் என்பதால் கூடுதலாக வந்தது. அது படுத்து வடிய முன்னே கழனி இருந்தது. நெல் இரண்டு நாள் தண்ணீரில் நிற்கும், சோபாவும் பிரிட்ஜும் நிற்குமா? 2021-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் புறநகரில் அதே தெருக்களில் மறுபடி படகு ஓடியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆயிரக்கணக்கான எக்டேராகப் பரந்து கிடந்தது சில நூறு எக்டேராகச் சுருங்கிய பிறகு கிடைத்த அங்கீகாரம் அது.

வெள்ளம் வடிந்து நாலு வருஷத்தில், 2019 கோடையில், அதே சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டு வந்தார்கள். புறநகரில் லாரிகள் இரவு பகலாக விவசாயக் கிணறுகளை உறிஞ்சின. விற்றவர்களும் நம்மவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒருவர் கிணற்றில் லாரி நின்றால் பக்கத்துக் கிணறு நாலும் வற்றும். இலவச மின்சாரம் பயிருக்குக் கொடுத்தது, லாரிக்கு அல்ல. போராடிப் பெற்ற அந்த உரிமைக்கே இதனால் ஆபத்து வரும் என்று நம்மவர்களிடமும் கண்டிப்பாகச் சொல்கிறோம்.

அடுத்தது ஊராட்சி இணைப்பு. 2025 சனவரியில் மாநிலம் முழுக்கப் பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு சேர்க்கவும் புதிய நகராட்சிகள் அமைக்கவும் அரசாணைகள் வந்தன. பல மாவட்டங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏன்? ஊரக வேலைத் திட்டம் என்பது ஊராட்சிக்குத்தான். போர்டை மாற்றி எழுதியதும் அந்த வேலை நின்றுபோகும். வீட்டு வரி ஏறும், குடிநீர்க் கட்டணம் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக கிராம சபை போய்விடும். ஆண்டுக்கு ஆறு முறை உட்கார்ந்து, இந்தக் கால்வாயை அடைக்கக் கூடாது என்று தீர்மானம் போட ஒரு இடம் இருந்தது. நகர்ப்புறத்தில் பகுதி சபை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது என்று விசாரித்துப் பாருங்கள். விளக்கும் சாலையும் பாதாளச் சாக்கடையும் வரும் என்கிறார்கள். வரட்டும், வேண்டும். வரி முதலில் வருகிறது, சாக்கடை எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

போதாக்குறைக்கு 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 எக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால், இடையில் வரும் ஏரி, ஓடை, வாய்க்காலையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. ஏரிக்குள் குடிசை போட்ட ஏழைக்கு ஆக்கிரமிப்பு நோட்டீசு, பெரிய திட்டம் என்றால் ஒருங்கிணைப்பா? இந்தச் சட்டத்தை விவசாயச் சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்து வருகின்றன. எதிர்ப்போம்.

நகர்களில் குடிவந்திருக்கிற சகோதர சகோதரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் எங்களுக்கு எதிரி இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரு கிரவுண்டு வாங்கினீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோதுதான் பல பேருக்கு உண்மை தெரிந்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்து, அதற்கும் நீங்களே கட்டணம் கட்டினீர்கள். விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பால் பாக்கெட்டுக்குக் கை நீட்டியதும் நீங்கள்தான். சிட்லபாக்கத்தில் 2019-இல் குடியிருப்போர் தாங்களே ஏரியில் இறங்கித் துப்புரவு செய்தார்கள், அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியதாயிற்று. மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள் செய்த வேலை அது. அந்தக் கைகளோடு ஆயக்கட்டுக்காரன் கையும் சேர்ந்தால் நடக்காதது இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வைத்து வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், வண்டிப்பாதை எல்லாவற்றையும் அளந்து கல் நட வேண்டும். ஏற்கெனவே மூடிய கால்வாயைத் திறக்கும் செலவை மனை போட்டு விற்றவரிடம் வசூலிக்க வேண்டும், குடியிருப்பவரிடம் அல்ல. ஏரியில் கழிவுநீர்க் குழாய் விட்டால் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கிராம சபை தீர்மானம் இல்லாமல் எந்த ஊராட்சியையும் இணைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மனை வந்தாலும் உழுகிறவனுக்கு வழி விட வேண்டும். ஆயக்கட்டு அழிந்த ஏரிகளுக்கு விவசாயியும் குடியிருப்போரும் சேர்ந்த குழு அமைத்து, மதகுச் சாவியை அதன் கையில் கொடுக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு இந்த முறை தனித்தனியாகப் போக வேண்டாம். ஊர் ஊராகச் சேர்ந்து போவோம். அடங்கல் நகல், கிராம வரைபட நகல், அடைக்கப்பட்ட கால்வாயின் புகைப்படம் மூன்றையும் கையில் எடுத்து வாருங்கள். வரைபடம் கிடைக்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதித் தர சங்க அலுவலகத்தில் தோழர்கள் இருக்கிறார்கள். நகர்க் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இந்தத் துண்டறிக்கையை ஆளுக்கு இரண்டு கொண்டுபோய்க் கொடுங்கள். மழைக்கு முன்னால் போனால்தான் கால்வாய் கண்ணுக்குத் தெரியும்.